இருபத்தோராவது ஆள்

பட்டாளத்திலிருந்து திரும்பியவனிடம் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். ஜப்பான்காரன் அடித்தானா? அடித்தான். என்னையும் அடித்திருக்கிறான். முழங்காலுக்குக் கீழே மூங்கில் கழி பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது. கேட்டவர்களுக்கு வேட்டியைத் தூக்கிக் காட்டியும் இருக்கிறேன். அதைக் காட்டுவது சுலபம். அடித்தவன் அவன், பட்டவன் நான். பார்த்தவர்கள் உச்சுக் கொட்டிவிட்டுக் காப்பி வாங்கிக் கொடுப்பார்கள். நான் எழுத உட்கார்ந்தது அந்தத் தழும்பைப் பற்றி அல்ல. அதே முகாமில் நான் ஒருவனுக்குச் செய்ததைப் பற்றியும், பிறகு அவன் வீட்டுக்குப் போய்ச் சொன்ன பொய்யைப் பற்றியும்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்காரன். வீட்டில் மளிகை மண்டி. மிளகாய் நெடியில் தும்மியே வளர்ந்தவன். எல்.எம்.பி. வைத்தியம் படித்துவிட்டு வந்து பலகை மாட்டினேன். வைத்தியத்துக்கு வந்தவர்களைவிட வெயிலுக்கு ஒதுங்கியவர்கள்தான் அதிகம். யுத்தம் வந்ததும் பட்டாளத்துக்கு டாக்டர்கள் வேண்டும் என்றார்கள். போனேன். தேசபக்தி, ராஜபக்தி எதுவும் இல்லை. வீட்டில் என் அண்ணன் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஜமேதார் அந்தஸ்து, தோளில் ஒரு நட்சத்திரம். அந்த நட்சத்திரத்தோடு சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தேன். கொஞ்ச நாளில் சிங்கப்பூர் விழுந்தது.

எங்களைக் கப்பலில் அடைத்துத் தெற்கே ஒரு தீவுக்குக் கொண்டு போனார்கள். விமானம் இறங்க நிலம் சமன் செய்கிற வேலை. கல் சுமக்க வேண்டும், மரம் வெட்ட வேண்டும். இந்தியச் சிப்பாய்கள் முந்நூறு பேர் போல இருந்தோம். அத்தனை பேருக்கும் டாக்டர் நான் ஒருவன். மருந்து என்று சொல்லிக்கொள்ள ஒரு போத்தல் கொயினாவும், துவைத்துத் துவைத்து நூலாகிப் போன கட்டுத்துணியும் இருந்தன.

காலையில் ஆட்களை எண்ணி முடித்ததும் ஜப்பானிய சார்ஜண்ட் என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் விரித்து இரண்டு தடவை காட்டுவான். இருபது. இருபது பேர் வேலைக்குப் போகாமல் படுத்திருக்கலாம். ஒரு தலை கூடினாலும் முகாம் முழுவதற்கும் அன்று கஞ்சி பாதி. அந்த இருபது பேரை நான்தான் பொறுக்கி எழுதிக் கொடுக்க வேண்டும். அறுபது பேர் படுக்க வேண்டிய நாளிலும் இருபதுதான். நோய் இருப்பதைக் கண்டுபிடிக்க மருத்துவப் பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். நோயாளியை முகத்துக்கு நேரே பார்த்து உனக்கு ஒன்றுமில்லை, போ என்று சொல்ல அங்கே யாரும் சொல்லித் தரவில்லை. அதை நானாகவே கற்றுக்கொண்டேன். சீக்கிரமே கற்றுக்கொண்டேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பட்டியலைப் பற்றி எனக்குப் பெருமைகூட இருந்தது. பஞ்சாபி, மராட்டி, மதராஸி என்று பார்க்க மாட்டேன். சிபாரிசு கிடையாது. யாராவது கண்ணீர் விட்டாலும் நாக்கைப் பார்ப்பேன், நாடியைப் பார்ப்பேன், எழுதுவேன். நியாயமான டாக்டர் என்று பேர் வாங்கியிருந்தேன். சோறு இல்லாத இடத்தில் அந்தப் பேரைத் தின்றுதான் நான் உயிரோடு இருந்தேன்.

நான் சொல்ல வந்தவன் சாலை போடும் படைப்பிரிவில் சிப்பாய். மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்துச் சிற்றூரில் காடு தோட்டம் உள்ள குடும்பத்துக்கு ஒரே மகன். கிணற்றை எந்த மூலையில் வெட்டுவது என்று அப்பனோடு சண்டை. கோபித்துக்கொண்டு சேலத்துக்கு வந்தவன் நேராக ஆள் எடுக்கிற இடத்தில் போய் நின்றுவிட்டான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகவில்லை. முகாமுக்கு வந்த முதல் வாரமே என் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து நின்றான்.

"ஏனுங்க டாக்டரு, சேலமுங்களா? நாங்க திருச்செங்கோட்டுப் பக்கமுங்க."

அன்றிலிருந்து வேலை விட்டு வந்ததும் என் கொட்டகைக்கு வந்துவிடுவான். வயிற்றுக்கடுப்புக்கு மருந்து இல்லை என்று நான் கரியைப் பொடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவன் கல்லில் வைத்து மாவு போல இழைத்துத் தருவான். சர்க்கரைவள்ளிக் கொடியின் தளிரைக் கிள்ளி வந்து, கீரை தின்னுங்கள் என்று எல்லாரையும் விரட்டுவான். கூலி கேட்டதில்லை. பேச்சுதான் அவனுக்குக் கூலி. அப்பன் இப்போது கிணற்றை எங்கே வெட்டியிருப்பார் என்று தினமும் ஒரு தடவையாவது யோசிப்பான். அவனோடு பேசும்போது மட்டும் எனக்கும் ஊர்ப் பேச்சு வாயில் வரும்.

இரண்டாவது வருஷம் அவனுக்கும் வயிறு பிடித்துக்கொண்டது. இரண்டு தடவை பட்டியலில் எழுதினேன். இரண்டும் நியாயமாக எழுதியவை. மூன்றாம் தடவை ரத்தமாகப் போக ஆரம்பித்தது. மூன்று நாள் படுக்க வைத்தேன். மூன்றாம் நாள் சாயங்காலம் கஞ்சி வரிசையில் வடக்கத்தி ஹவில்தார் ஒருவர் எல்லாருக்கும் கேட்கும்படி இந்துஸ்தானியில் சொன்னார், டாக்டர் சாஹிபின் ஊர்க்காரர்களுக்கு மட்டும் வயிறு சரியாவதே இல்லை போலிருக்கிறது என்று. நாலு பேர் சிரித்தார்கள். அவர் கெட்ட மனிதர் அல்ல. சும்மா ஒரு கிண்டல். ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது. ஊர்க்காரனுக்குச் சலுகை காட்டுகிறவன் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால், என்னிடம் மிச்சம் இருந்த ஒரே சொத்தும் போய்விடும் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையில் இருபத்தொரு பேர் நின்றார்கள். பத்தொன்பது பேரைப் பற்றி யோசிக்க எதுவும் இல்லை. மிச்சம் இரண்டு பேர். ஒருவன் பஞ்சாபி, காலில் ஆழமான புண். இன்னொருவன் இவன். புண் உள்ளவன் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு நாள் தாங்குவான். ரத்தமாகப் போகிறவன் வெயிலில் கல் சுமந்தால் தாங்க மாட்டான். இது எனக்குத் தெரியாமல் செய்த தப்பு அல்ல. படித்தவன், கண் எதிரே பார்க்கிறவன், நன்றாகத் தெரிந்துதான் செய்தேன். பென்சிலை எடுத்துப் பஞ்சாபியின் பேரை எழுதினேன். எழுதிவிட்டு ஹவில்தார் பார்க்கிறாரா என்று நிமிர்ந்து பார்த்தேன். அவர் அந்தப் பக்கம் திரும்பி யாரோடோ பேசிக்கொண்டிருந்தார்.

"இன்னைக்கு ஒருநா சமாளிச்சுக்கறயா?" என்றேன் அவனிடம்.

"செரீங்க," என்றான். பிறகு இரண்டடி போய்த் திரும்பி, "நாளைக்காச்சும் பேரெழுதிக்குங்க," என்றான். கோபம் இல்லை. கடையில் பாக்கி இருக்கிற சாமானை நாளைக்கு எடுத்து வைக்கச் சொல்கிற மாதிரி சொன்னான்.

உச்சிப் பொழுதுக்கு முன்னால் இரண்டு பேர் அவனைத் தூக்கி வந்தார்கள். உதடு வெடித்து, கண் உள்ளே போய், மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை. மறுநாள் அவன் பேரை முதல் பேராக எழுதினேன். அதற்கு மறுநாள் மத்தியானம் போய்விட்டான்.  புதைத்துவிட்டு வந்து கரி இழைக்க உட்கார்ந்தேன். எனக்கு அழுகை வரவில்லை. பயம்தான் வந்தது, யாருக்காவது தெரிந்திருக்குமோ என்று. யாருக்கும் தெரியவில்லை. ஹவில்தார் வந்து என் தோளைத் தொட்டு, நீங்கள் நியாயஸ்தர் என்றார். அவரை அடிக்க வேண்டும் போல இருந்தது.

யுத்தம் முடிந்து எங்களை மீட்க வந்த அதிகாரி ஒருவர், முகாமில் இறந்தவர்களின் பேரை எழுதித் தரச் சொன்னார். ஒளித்து வைத்திருந்த துண்டுக் காகிதங்களைப் பார்த்து எழுதினேன். அவனுக்கு நேரே வயிற்றுக்கடுப்பு என்று எழுதினேன். அந்தப் படிவத்தில் வேறு எதையும் எழுத இடம் இல்லை. இருந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன்.

சேலத்துக்கு வந்து ஒன்றரை மாதம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. பிறகு ஒருநாள், போய்ச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். இறந்ததைச் சொல்ல வேண்டும், எப்படி இறந்தான் என்பதையும் சொல்ல வேண்டும், அடித்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். கரி வாயுவில் ஓடுகிற பஸ்ஸில் உட்கார்ந்து வழியெல்லாம் வாக்கியத்தை அமைத்துக்கொண்டே போனேன். பஸ் மேட்டில் நின்று நின்று போயிற்று. எனக்கு அவசரம் எதுவும் இல்லை.

அவன் அப்பா வீட்டு முன் களத்தில் சோளத்தட்டு அடுக்கிக்கொண்டிருந்தார். பட்டாளத்தில் உங்கள் மகனோடு இருந்த டாக்டர் என்று சொன்னதும் தட்டைக் கீழே போட்டார். என்னை உட்காரக்கூட விடவில்லை.

"பூ சொன்னது செரியாப் போச்சுங்க சாமி," என்றார்.  "போன மாசந்தானுங்க கோயல்ல பூக் கேட்டோம். வலப் பக்கம் உழுந்துச்சுங்க. எங்கியோ உசுரோட இருக்கறான், சேதி தாக்கல் வருமுன்னு பூசாரி சொன்னாருங்க. நீங்க வந்துட்டீங்க."

எங்கள் பக்கத்தில் இது எல்லாருக்கும் தெரிந்ததுதான். அம்மன் தலையில் பூவை வைத்துவிட்டு மனதில் கேட்டுக்கொண்டு காத்திருப்பார்கள். வலப் பக்கம் விழுந்தால் நல்லது. பூ காய்ந்தால் ஏதாவது ஒரு பக்கம் விழத்தான் வேண்டும் என்று சின்ன வயதிலேயே பரிகாசம் செய்தவன் நான். கதவுக்குப் பின்னால் அவன் மனைவி வந்து நின்றிருந்தாள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். தலையில் பூ இல்லை, நெற்றியில் சின்னப் பொட்டு. இருக்கிறானோ இல்லையோ என்று தெரியாதவள் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்தாள். இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள்.

"கடைசியா நான் பார்க்கையில நடந்துதான் போனானுங்க," என்றேன்.

அந்த வாக்கியத்தில் பொய் இல்லை. வேலைக்கு நடந்துதான் போனான். பொய்யனுக்கு மூளை எவ்வளவு வேகமாக வேலை செய்கிறது என்று அன்றுதான் பார்த்தேன். எங்கே போனான் என்று அப்பா கேட்டார். வேறு முகாமுக்கு என்றேன். அதற்கப்புறம் வந்தது எல்லாம் சுத்தப் பொய். கப்பல் கிடைக்கத் தாமதமாகும், தூரத்துத் தீவுகளிலிருந்து இன்னும் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்றெல்லாம் சொன்னேன். அவர்களுடைய மனம் நோகக் கூடாது என்பதற்காகச் சொன்னேன் என்று பிற்பாடு எனக்கே சொல்லிக்கொண்டேன். அதுவும் பொய். இறந்தான் என்றால் எப்படி என்று கேட்பார்கள். அதற்குப் பயந்து சொன்னேன்.

கோழி அடித்துக் குழம்பு வைத்தார்கள். கோபத்துல போனவன், கோபம் தணிஞ்சா வந்துருவான் என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே இருந்தார். கிணற்றை மகன் சொன்ன மூலையிலேயே வெட்டிவிட்டதாகவும் சொன்னார். மூன்றரை வருஷம் பட்டினி கிடந்த வயிறு. எலும்பைக்கூட விடாமல் சாப்பிட்டேன். அவள்தான் பரிமாறினாள்.

நாலு மாதம் கழித்துச் செவ்வாய்ப்பேட்டையில் என் வைத்தியசாலைக்கு அவள் தனியாக வந்தாள். நோயாளிகளோடு பெஞ்சில் உட்கார்ந்து, தன் முறை வந்த பிறகே எழுந்து வந்தாள். இடுப்பில் செருகியிருந்த சர்க்கார் காகிதத்தை எடுத்து மேஜையில் வைத்தாள். இன்ன முகாமில், அங்கிருந்த மருத்துவர் தந்த தகவலின்படி, இன்ன மாதம் இறந்தார் என்று இருந்தது. மருத்துவர் யார் என்று அதில் பேர் போடவில்லை. அவளுக்கு அது தேவையும் இல்லை.

"மாரு வலின்னு பொய் சொல்லிட்டு வந்தனுங்க," என்றாள். "வாத்தியாரு படிச்சுச் சொன்னாருங்க. நெசமுங்களா?"

"நிஜம்."

"அன்னைக்கே தெரியுமுங்களா?"

"தெரியும்," என்றேன். பிறகு பட்டியலைச் சொன்னேன், இருபத்தொரு பேரைச் சொன்னேன், ஹவில்தாரின் கிண்டலைச் சொன்னேன், நாளைக்காச்சும் என்று அவன் கேட்டதைச் சொன்னேன். வெளியே யாருடைய குழந்தையோ அழுதுகொண்டிருந்தது.  

"அது எனக்குப் புரியலீங்க," என்றாள் கடைசியில். "அங்க என்ன நடந்துச்சோ, உங்களுக்கு என்ன பயமோ. நீங்க வந்துட்டுப் போன பொறவு மாமனாரு அம்மனுக்குப் பொங்க வெச்சாருங்க. ஊரையே கூப்புட்டாரு. எனக்குத் தல நெறயாப் பூ வெச்சு உட்டாங்க. நாலு மாசமா தெனமும் பூ வெச்சேனுங்க. செத்தவனுக்குப் பூ வெச்சுட்டுத் திரிஞ்சவளுன்னு இப்ப ஊருல பேசறாங்க. அதுக்கு என்னங்க பண்றது?"

 முதல் குற்றத்தையே பெரிதாக நினைத்து நெஞ்சில் சுமந்துகொண்டு திரிந்தவன், இரண்டாவதை, அந்தப் பொய்யை, எண்ணிப் பார்க்கவே இல்லை. அவளுடைய தலை என் கண் முன்னால் இருந்தது. அன்றைக்கும் பூ இருந்தது.

"மாமனாரு காயிதத்த நம்ப மாட்டேங்கறாருங்க," என்றாள். "டாக்டரு கண்ணால பாத்தாரு, அவரு வந்து சொல்லட்டும்ங்கறாரு. நீங்க வந்து சொல்லிப் போடுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேண்டாமுங்க."

அன்றே போனேன். பெரியவர் முன்னால் உட்கார்ந்து, நான் சொன்னது பொய், உங்கள் மகன் இறந்துவிட்டான், அதற்குக் காரணம் நான் என்று சொன்னேன். முழுவதையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். என் முழங்காலைத் தட்டிக் கொடுத்தார்.

"உங்கள யாரோ மெரட்டியிருக்காங்க சாமி," என்றார். "ஆளக் காணோமுன்னா சர்க்காரு கணக்க முடிக்கோணுமில்லீங்களா, அதுக்கு உங்கள இப்படிச் சொல்லச் சொல்றாங்க. அம்மன் பொய் சொல்லாதுங்க. நீங்களும் மொதல்ல மனசுல இருந்தத்தான் சொன்னீங்க. நீங்க வெசனப்படாதீங்க."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். சத்தியம் செய்தேன். பொய்யை ஒரே மூச்சில் நம்பியவர், உண்மையைச் சத்தியம் செய்தும் நம்பவில்லை. திருச்செங்கோட்டு மலைச் சத்தியப் படியில் கையை வைத்துச் சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார். மகனுக்குக் காரியம் செய்யக் கூடாது என்று பங்காளிகளிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மருமகள் பூ இல்லாமல் எதிரே வந்தால் சாப்பிட மாட்டார். அதனால் அவள் வைத்துக்கொண்டுதான் இருந்தாள். கல்யாண வீட்டுக்கு அவளைக் கூப்பிடவில்லை. இழவு வீட்டில் தாலி அறுத்தவர்களோடு உட்காரவும் விடவில்லை. இதையெல்லாம் அந்தப் பக்கத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்கள், எனக்கு இதில் சம்பந்தம் இருப்பது தெரியாமல், வம்பாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். நான் ஊசியைக் கொதிக்க வைத்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

ஒன்றரை வருஷம் போயிற்று. ஒருநாள் காலையில் அந்த ஊரிலிருந்து ஒருவர் சைக்கிளில் வந்தார். பெரியவர் படுத்த படுக்கை, உங்களைக் கையோடு கூட்டி வரச் சொன்னார் என்றார். வைத்தியத்துக்கு என்று நினைத்துப் பையை எடுத்துக்கொண்டேன். போய்ப் பார்த்ததும் பைக்கு வேலை இல்லை என்று தெரிந்துவிட்டது. நெஞ்சில் சளி கட்டி மூச்சு மேலே மேலே வாங்கியது. சாயங்காலத்துக்குத் தாங்காது. வாசலில் பங்காளிகள் கூடி உட்கார்ந்திருந்தார்கள்.

என்னைப் பார்த்ததும் பெரியவர் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டார். பிடி இன்னும் பலமாகத்தான் இருந்தது.

"அவன் எங்க இருக்கறான்னு உங்களுக்குத்தானுங்க தெரியும்," என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார். "கொள்ளி வெக்க அவன் வரோணும். தாக்கல் சொல்லி உட்டீங்களா? கெளம்பிட்டானுங்களா?"

நான் வாயைத் திறக்கவில்லை. இந்த வீட்டில் இனி ஒரு பொய் சொல்வதில்லை என்று, உண்மையைச் சொல்ல வந்த அன்றே சபதம் எடுத்திருந்தேன். அவர் திரும்பவும் கேட்டார். நான் நாடியைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன். மூன்றாம் தடவை கேட்டபோது கண்ணோரம் நீர் வழிந்தது. அப்போதும் நான் சும்மாதான் இருந்தேன். உண்மையானவனாக இருக்கிறேன் என்று உள்ளுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. அந்தத் திருப்தியை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அவள் கட்டிலின் தலைமாட்டிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்தாள். பெரியவருக்குக் கேட்காத குரலில் பேசினாள்.

"சொல்லுங்க டாக்டருங்க. வந்துட்டு இருக்கறான்னு சொல்லுங்க. நானும் காத்தாலயிருந்து சொல்லிப் பாக்கறனுங்க, எனக்கு வாய் வரமாட்டேங்குது. உங்களுக்கு வருமுங்க."

சொன்னேன். பஸ் ஏறிவிட்டான், வந்துகொண்டிருக்கிறான் என்று சொன்னேன். வாய் கொஞ்சம்கூடத் தடுமாறவில்லை.